பாம்பன் பாலத்தின் கதை

மண்டபம் ஸ்டேஷனை விட்டு ரயில் புறப்பட்டதும் வண்டிக்குள் இருந்த பேச்சுக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சீட்டாடிக் கொண்டிருந்த வாலிபர்கள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். மதுரையிலிருந்து ஓயாமல் அழுது வந்த ஒரு குழந்தைகூட அழுகையை நிறுத்திக் கொண்டு விழித்துப் பார்த்தது. இரு புறமும் பூமி மறைந்து போயிற்று. எங்கே பார்த்தாலும் தண்ணீர். வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. தண்டவாளம் மட்டும் கடலின் மேல் ஒரு கோடு கிழித்தாற்போல் முன்னே ஓடிக் கொண்டிருந்தது.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாட்டியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்தார். ஜன்னல் கம்பிகளுக்கிடையே கையை நீட்டிக் கடலில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"பாட்டி, காவேரியில்தான் காசு போடுவார்கள். இது சமுத்திரமாயிற்றே!" என்றான் பக்கத்தில் இருந்த பேரன்.

"சேதுவில் எல்லாத் தீர்த்தமும் அடக்கமடா, அப்பா. அதற்காக மட்டும் போடவில்லை. எங்கள் பெரியப்பா இந்த வழியாகத்தான் கண்டிச் சீமைக்குப் போனார். அப்புறம் திரும்பி வரவே இல்லை. அவரை நினைத்துப் போட்டேன்."

"அவர் போனது இந்தப் பாலம் இல்லை, பாட்டி. அதோ பக்கத்தில் நிற்கிறதே, அந்தப் பழைய பாலம்."

"பாலம் எதுவாயிருந்தால் என்ன? கடல் அதே கடல்தானே!" என்றார் பாட்டி.

இது நடந்தது 2025-ஆம் வருஷத்துக் கோடையில். புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. பாட்டியின் வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. பாம்பன் பாலத்தின் அழகைப் பற்றி நாம் எவ்வளவோ கேட்டிருக்கிறோம், படங்களிலும் கண்டிருக்கிறோம். ஆனால் அதைக் கட்டியவர்கள் யார், எதற்காகக் கட்டினார்கள், அதன்மேல் போனவர்கள் யார், திரும்பி வந்தவர்கள் யார் என்ற கதையையும் அறிந்து கொண்டால்தான் அந்தப் பாலத்தை நாம் முழுவதும் பார்த்தவர்கள் ஆவோம்.

பாலத்துக்கு முன்னால்

பெருநிலத்தின் முனையில் இருப்பது மண்டபம். அதற்கு எதிரே தீவில் இருப்பது பாம்பன். நடுவில் ஓடும் கால்வாய் ஏறக்குறைய ஒன்றே கால் மைல் அகலந்தான். பாம்பைப் போல நெளிந்து ஓடும் நீரோட்டத்தால்தான் ஊருக்குப் பாம்பன் என்று பெயர் வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் இங்கே நிலம் தொடர்ந்திருந்தது என்றும், பிறகு நேர்ந்த ஒரு பெரும் புயலிலே உடைப்பெடுத்துத் தீவு தனியே பிரிந்தது என்றும் ஸ்தல ஐதீகம் கூறுகிறது.

காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து ராமேசுவரத்துக்கு நடந்து வந்த யாத்திரிகர்கள் எல்லாரும் இந்தக் கால்வாயைத் தோணியிலேதான் கடக்க வேண்டியிருந்தது. சேதுவைக் காப்பது தங்கள் கடமை என்று கொண்டவர்கள் ராமநாதபுரத்து மன்னர்கள். 'சேதுபதி' என்ற பட்டமே அதனால் வந்தது. 1897-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் தேதி, மேல்நாட்டில் வெற்றி முரசு கொட்டிவிட்டு, இலங்கை வழியாகத் தாய்நாடு திரும்பிய சுவாமி விவேகானந்தர் கால் வைத்ததும் இந்தப் பாம்பன் கரையில்தான். பாஸ்கர சேதுபதி மன்னர் நேரே வந்து அவரை வரவேற்றார். அப்போது இங்கே பாலமும் இல்லை, ரயிலும் இல்லை.

தோணிகளை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் மண்டபத்திலும் தீவிலும் நிறைய இருந்தன. யாத்திரிகர்களையும் மளிகைச் சரக்குகளையும் ஏற்றி இறக்குவது அவர்கள் தொழில். நீரோட்டம் எந்த வேளையில் எப்படித் திரும்பும், பாறை எந்த இடத்தில் தலை தூக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பரம்பரையாக வந்த படிப்பு.

வியாபாரத்தின் பாதை

வெள்ளைக்காரர்கள் இங்கே ரயில் பாலம் கட்ட வேண்டும் என்று நினைத்தது ராமநாத ஸ்வாமியைத் தரிசிக்கப் போகும் பக்தர்களுக்காக அல்ல. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடந்த வியாபாரந்தான் காரணம். அதைவிடவும் முக்கியமான சரக்கு ஒன்று இருந்தது. அது மனித உழைப்பு. இலங்கையின் மலைகளில் முதலில் காப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்தன. அந்தத் தோட்டங்களில் பாடுபடத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழைக் குடியானவர்கள் கூட்டங் கூட்டமாகப் போனார்கள். ரயில் வருவதற்கு முன்னால் போனவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரையில் கால்நடையாகப் போக வேண்டும். காய்ச்சலும் பேதியும் கண்டு அந்த வழியிலேயே மடிந்து போனவர்கள் எத்தனையோ பேர்.

இந்தியக் கரையிலிருந்து தலைமன்னார் வரையில் கடல் முழுவதையும் பாலத்தாலேயே இணைத்துவிடலாமா என்றுகூட இஞ்சினீயர்கள் யோசித்தார்கள். ஆனால் செலவு மலைக்க வைத்தது. ஆகவே பாம்பன் கால்வாய்க்கு மட்டும் பாலம். அதன்பின் தீவைக் கடந்து தனுஷ்கோடி முனை வரையில் ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். அப்பால் மறுபடியும் ரயில் என்று முடிவாயிற்று.

1911-இல் வேலை தொடங்கியது. கால்வாயின் குறுக்கே வரிசையாகத் தூண்கள் எழுந்தன. அந்தக் கடலின் அடியில் ஓர் இடத்தில் பாறை, மற்றோர் இடத்தில் மணல். நீரோட்டமோ நிலையாக ஒரு பக்கம் ஓடுவதல்ல. பருவக் காற்று மாறும்போது அதுவும் திசை மாறிக்கொள்ளும். வேலைக்கு வேண்டிய இரும்பெல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. 1914-ஆம் வருஷம் பிப்ரவரி 24-ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. நீளம் 6,776 அடி. 140-க்கு மேற்பட்ட கண்கள். இந்திய நாட்டில் கடலின்மேல் கட்டிய முதல் பாலம் அதுதான். பம்பாயில் பாந்திராவையும் வர்லியையும் இணைக்கும் கடற்பாலம் 2009-இல் வரும் வரையில், அதைவிட நீளமான கடற்பாலம் நம் தேசத்தில் வேறு இருக்கவில்லை.

கடலுக்கு ஒரு கதவு

பாலம் கட்டியதும் ஒரு சங்கடம் வந்தது. ரயிலுக்கு வழி விட்டால் கப்பலுக்கு வழி அடைபட்டுப் போகும். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக் கொண்டுதான் போகின்றன. ஆனால் சிறு கப்பல்களும் படகுகளும் வடக்கேயிருந்து தெற்கே போக இந்தக் கால்வாயைத்தான் நம்பியிருந்தன. அதனால் பாலத்தின் நடுவே திறந்து மூடும் கதவு ஒன்று வேண்டியதாயிற்று.

அந்தக் கதவின் அமைப்புக்குச் 'ஷெர்ஜர்' பாலம் என்று பெயர். ஷெர்ஜர் என்பவர் ஜெர்மானியர் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் வில்லியம் ஷெர்ஜர் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து இஞ்சினீயர். தம் யோசனை ஒரு பாலமாக உருவெடுத்ததைக் காணும் பாக்கியம் அவருக்கு இல்லை. 1893-இல் அவர் காலமாகிவிட்டார். அவருடைய முறைப்படி முதற் பாலம் சிகாகோவில் 1895-இல் முடிந்தது. பாம்பனுக்கு வேண்டிய இரும்பு வேலையை இங்கிலாந்தில் தார்ன்பி என்னும் ஊரிலிருந்த ஹெட் ரைட்ஸன் கம்பெனியார் செய்தனுப்பினார்கள்.

அந்த அமைப்பின் சூக்ஷ்மத்தைத் தெரிந்து கொள்ளப் பெரிய கணித ஞானம் வேண்டியதில்லை. குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரையை நினைத்துக் கொள்ளுங்கள். அதன் அடிக்கட்டை வளைந்திருக்கிறது. பின்னால் சாய்ந்தால் முன்பக்கம் தானே மேலே எழும்புகிறது. பாம்பன் கதவுக்கு இரண்டு இறக்கைகள். ஒவ்வோர் இறக்கையின் அடிப்பாகமும் மரக்குதிரையின் அடிக்கட்டையைப் போல் வளைந்த இரும்பு. அந்த வளைவு பின்னோக்கி உருளும்போது இறக்கையின் நுனி வானத்தை நோக்கி எழும்புகிறது. அது எழும்புவதோடு பின்வாங்கவும் செய்வதால் கப்பலுக்கு வழி தாராளமாகக் கிடைக்கிறது.

இத்தனை பாரத்தை எப்படித் தூக்குவது? அதற்கு விடை நம் கிராமத்து ஏற்றத்தில் இருக்கிறது. ஏற்றத்தின் ஒரு முனையில் தண்ணீர்ச் சால். மறு முனையில் பாரம். இரண்டும் சமமாக இருந்துவிட்டால் ஒரு மனிதன் ஏறி நடப்பதே போதும், சால் மேலே வந்துவிடும். அதுபோலவே ஒவ்வோர் இறக்கையின் பின்புறத்திலும் அதன் எடைக்கு ஈடுகொடுக்கும் எதிர்ப்பாரம் வைத்திருந்தார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிய இரும்புக் கூட்டை யந்திர பலமில்லாமல், மனிதர்களின் கைப்பலத்தாலேயே திறந்து மூட முடிந்தது. கப்பல் வரும்போது பாலத்தின் இரு பக்கமும் தொழிலாளிகள் கூடுவார்கள். நீண்ட தண்டுகளைப் பிடித்துத் தள்ளிச் சுழற்றுவார்கள். அங்குலம் அங்குலமாக இரண்டு இறக்கைகளும் பிரிந்து எழும்பும். கப்பல் போன பிறகு அவை மெல்லத் தாழ்ந்து, கும்பிடும் கைகளைப் போல் மறுபடியும் ஒன்று சேரும். நூறு வருஷங்களுக்கு மேலாக இது நடந்தது. படம் பிடித்தவர்கள் அந்த இறக்கைகளைப் பிடித்தார்கள். தண்டு தள்ளியவர்களின் முகங்கள் அநேகமாகப் படத்தில் விழுந்ததில்லை.

போட் மெயில்

பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரில் ஒரே டிக்கட்டு வாங்கிக் கொண்டு கொழும்புக்குப் போகலாம் என்று ஆயிற்று. 'போட் மெயில்' என்ற பெயர் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு வழங்கலாயிற்று. தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கினால் எதிரிலேயே கப்பல் நிற்கும். சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், ரயில் ஸ்டேஷன் எல்லாமாகச் சேர்ந்து, மணல் திட்டாக இருந்த தனுஷ்கோடி ஒரு கலகலப்பான துறைமுகமாயிற்று.

மேல் வகுப்புப் பிரயாணிகளுக்கு அது சொகுசான பிரயாணம். ஏழைத் தொழிலாளிகளுக்கோ வேறு விதம். மண்டபத்தில் இலங்கைச் சர்க்கார் ஒரு பெரிய முகாம் வைத்திருந்தார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே சில நாட்கள் தனிமைப்படுத்தி, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகே கடலைத் தாண்ட விடுவார்கள். புருஷன், மனைவி, கைக்குழந்தை, ஒரு மூட்டை. இதுதான் அவர்களுடைய குடும்பம். அந்த மூட்டையோடு எத்தனை லட்சம் ஜனங்கள் இந்தப் பாலத்தின் மேல் போயிருப்பார்கள்! பாட்டியம்மாளின் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். இலங்கைத் தேயிலை உலகமெங்கும் மணந்ததற்கு இந்தப் பாலத்தைக் கடந்த கைகளே காரணம்.

பாலம் வந்ததால் வாழ்ந்தவர்கள் உண்டு, வாடினவர்களும் உண்டு. யாத்திரிகர்கள் ரயிலிலேயே தீவுக்குள் வந்து இறங்கியபோது தோணிக்காரர்களின் பிழைப்பு விழுந்தது. அப்படி வசதி குன்றிய ராமேசுவரத்துக் குடும்பம் ஒன்றில்தான் 1931-இல் அப்துல் கலாம் பிறந்தார். இரண்டாவது மகா யுத்தத்தின்போது ராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடுகிற வண்டியிலிருந்து வீசியெறிவார்கள். அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையில் உதவி செய்து தம் முதற் சம்பாத்தியத்தைப் பெற்றார் அந்தச் சிறுவர். தோணித் தொழிலைப் பறித்த அதே ரயில், அவருக்கு உலகச் செய்திகளையும் கொண்டுவந்து போட்டது. 2002-இல் அவர் இந்தியாவின் ராஷ்டிரபதி ஆனார்.

அந்த ஒரு இரவு

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. ஐம்பது வருஷங்கள் கடலோடு மல்லுக்கு நின்ற பாலத்தின்மீது, அது அதுவரை கண்டிராத புயல் ஒன்று வந்து மோதியது. அலைகள் இருபது அடிக்கு மேல் எழுந்து தீவின்மீது ஏறின. தனுஷ்கோடி ஊர் அடியோடு அழிந்தது. கோயில், மாதா கோயில், ஸ்டேஷன், வீடு வாசல் எதுவும் தப்பவில்லை.

அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாஸஞ்சர் வண்டி ஊரை நெருங்கும் சமயத்தில் அலைவாய்ப்பட்டது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வண்டி பாம்பன் பாலத்திலிருந்துதான் கடலில் விழுந்தது என்று இன்றைக்கும் பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வண்டி பாலத்துக்கு இப்பால், தீவுக்குள்ளேயே, தனுஷ்கோடிக்குச் சமீபத்தில்தான் அழிந்தது.

ஆனால் பாலமும் அன்றிரவு தப்பவில்லை. அதன் 126 இரும்புத் தூலங்களைக் கடல் பெயர்த்தெடுத்துக் கொண்டு போயிற்று. பொழுது விடிந்தபோது தூண்கள் மட்டும் பல்வரிசைபோல் நீரில் நின்றன. ஆச்சரியம் என்னவென்றால், நடுவேயிருந்த ஷெர்ஜர் தூக்குப் பாலம் மட்டும் கம்பீரமாக நின்றது!

நாற்பத்தாறு நாள்

தீவு துண்டிக்கப்பட்டுவிட்டது. பாலத்தை ஆறு மாதத்தில் செப்பனிட வேண்டும் என்று ரயில்வே அதிகாரிகள் திட்டமிட்டார்கள். தென்னக ரயில்வேயின் மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஓர் இளம் இஞ்சினீயரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாலக்காட்டுச் சீமையைச் சேர்ந்த இ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32.

புதிய தூலங்களை வேறு மாகாணங்களிலிருந்து வரவழைத்துக் கொண்டிருந்தால் நாள் கடந்துவிடும். கடலில் விழுந்த தூலங்கள் எங்கே கிடக்கின்றன என்று தேடுவதே உசிதம் என்று தோன்றியது. அந்தத் தேடலில் அந்தப் பக்கத்து மீன்பிடிப்போர் கைகொடுத்தார்கள். கரையில் இருந்து வரைபடம் பார்க்கிறவர்களுக்கு எட்டாத விஷயம், தினந்தோறும் வலை வீசுகிறவனுக்கு எட்டும் அல்லவா? தூலங்களைத் தூக்கி நிறுத்த மலையாளக் கரையிலிருந்து கலாசிகள் வந்தார்கள். கப்பியும் கயிறும் கொண்டு, பாட்டுப் பாடிக் கொண்டே, எந்தப் பாரத்தையும் நகர்த்தும் வித்தையில் தேர்ந்தவர்கள் அவர்கள். கடலுக்கடியிலிருந்து மீட்ட தூலங்கள் ஒவ்வொன்றாகப் பழைய தூண்களின்மேல் ஏறி உட்கார்ந்தன.

ஆறு மாதம் என்றார்கள்; மூன்று மாதம் என்றார்கள். வேலை முடிந்ததோ 46 நாட்களில்!

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 1914-இல் பாலத்தைக் கட்டியபோது திட்டம் அன்னியருடையது, இரும்பு அன்னியருடையது, லாபமும் அன்னியருடையது. நம்முடையதாக இருந்தது உடலுழைப்பு ஒன்றுதான். ஐம்பது வருஷம் கழித்து அதே பாலம் விழுந்தபோது அதை நிமிர்த்தியவர்கள் நம்முடைய இஞ்சினீயரும், நம்முடைய மீன்பிடிப்போரும், நம்முடைய கலாசிகளுமே. அந்த 46 நாட்களில்தான் பாம்பன் பாலம் உண்மையில் நம்முடையதாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. ஸ்ரீதரன் பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் டில்லி மெட்ரோவையும் அமைத்துப் புகழ் பெற்றார். அந்தப் புகழுக்கு முதற் கல் நாட்டியது பாம்பனில்தான்.

திரும்பி வந்தவர்கள்

தனுஷ்கோடி மனிதர் வாழத் தகாத இடம் என்று சர்க்கார் தீர்மானித்துவிட்டார்கள். அங்கே போன ரயில் பாதையும் கைவிடப்பட்டது. இலங்கைக் கப்பல் அதன்பின் ராமேசுவரத்திலிருந்து போய்வரலாயிற்று.

புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், 1964 அக்டோபர் மாதத்தில், பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் குடியுரிமை இல்லாமல் நின்ற தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக் கொள்வதென்று அதில் முடிவாயிற்று. அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள், ராமேசுவரத்தில் இறங்கினார்கள், மண்டபம் முகாமில் தங்கினார்கள். தாத்தா எந்த முகாமில் காத்திருந்து அக்கரைக்குப் போனாரோ, அதே முகாமுக்குப் பேரன் திரும்பி வந்தான். அவனிடமும் இருந்தது ஒரு மூட்டைதான்.

எந்த ஊருக்குத் திரும்புகிறோம் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்கள் பிறந்தது மலைநாட்டில், பழகியது மூடுபனியில். 'தாய்நாடு' என்று தாத்தா சொன்ன கதையில் கேட்டிருந்த பூமி, பாலத்தைத் தாண்டியதும் வெயிலாகவும் உடைமரமாகவும் எதிரே நின்றது. அவர்களுக்குப் பாலம் ஒரு வேடிக்கைக் காட்சியாக இருந்திருக்க முடியாது. ஒரு வாழ்வு முடிந்து இன்னொரு வாழ்வு தொடங்கும் எல்லைக்கோடாகவே இருந்திருக்கும். 1980-க்குப் பின்னர் இலங்கையில் மூண்ட யுத்தத்தால் கப்பல் போக்குவரத்தும் நின்றுவிட்டது. அதன்பிறகு படகுகளில் உயிர்தப்பி வந்து கரையேறிய அகதிகளுக்கும் அந்த மண்டபம் முகாமே முதல் நிழலாயிற்று.

பழையதும் புதியதும்

1988-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி ரயில் பாலத்தின் பக்கத்திலேயே ஒரு சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதைக் கட்டப் பதினான்கு வருஷம் பிடித்தது. அன்று முதல், உயரமான அந்தச் சாலையில் காரையும் பஸ்ஸையும் நிறுத்திவிட்டு, கீழே கடல்மேல் ஊர்ந்து போகும் ரயிலை வேடிக்கை பார்ப்பது யாத்திரிகர்களின் வழக்கமாயிற்று. 2007-இல் ரயில் பாலத்தில் அகலப் பாதை போடப்பட்டது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்தின்மேல் வண்டி விடக்கூடாது என்று விதி இருந்தது. காற்றை அளக்கும் கருவி அபாயத்தைக் கண்டதும் சிக்னல் சிவப்பாகிவிடும்.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும். எவ்வளவு சாயம் பூசினாலும் விடாது. 2022-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தோடு பழைய பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. அதற்குப் பக்கத்திலே 2019-இல் அடிக்கல் நாட்டித் தொடங்கிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி, ஸ்ரீராமநவமியன்று திறக்கப்பட்டது.

புதிய பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒவ்வொன்றும் 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்கள், நடுவே 72.5 மீட்டர் நீளத்தில் தூக்குப் பகுதி. பழைய பாலம் கதவைப் போல் இரண்டாகப் பிரியும், புதியது அப்படியல்ல. இரு பக்கத்துக் கோபுரங்களுக்கும் நடுவே, கிணற்று வாளி ராட்டினத்தில் மேலே வருவதுபோல், தண்டவாளத்தோடு நேராக மேலே எழும்புகிறது. அதன் எடை 660 டன். 17 மீட்டர் உயரம் எழும்பச் சில நிமிஷங்களே போதும். இங்கேயும் எதிர்ப்பாரம் உண்டு. ஏற்றத்தின் தத்துவம் மாறவில்லை. ஆனால் தண்டு தள்ளும் ஆட்களுக்குப் பதிலாக மின்சார மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. உப்புக்கு ஈடு கொடுக்கத் துருப்பிடிக்காத எஃகும் விசேஷமான சாயமும் உபயோகித்திருக்கிறார்கள். இந்தியாவில் இத்தகைய செங்குத்துத் தூக்குக் கடற்பாலம் இதுவே முதலாவது.

காசு எங்கே போகிறது?

பழைய பாலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. உப்பரித்த இரும்பு கப்பல் வழிக்கு அபாயம் என்பார் ஒரு சாரார். நூறு வருஷத்துக்கு மேல் உழைத்த அருமையான சின்னத்தை, ஷெர்ஜர் இறக்கைகளையாவது, காப்பாற்ற வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இரண்டிலும் நியாயம் இல்லாமலில்லை. இரும்பை நிரந்தரமாகக் காப்பது எளிதன்று என்பதைக் கடல் நமக்குப் பலமுறை சொல்லிவிட்டது.

ஆனால் காப்பாற்ற வேண்டியது இரும்பு மட்டுமல்ல. யாத்திரிகரை ஏற்றிய தோணிக்காரர், கடலில் தூண் நாட்டிய கூலியாள், இறக்கையைத் திறந்த தொழிலாளி, தூலம் கிடந்த இடத்தைக் காட்டிய மீன்பிடிப்போன், மூட்டையோடு போன தாத்தா, மூட்டையோடு வந்த பேரன் ஆகிய இவர்களுடைய கதையையும் காப்பாற்ற வேண்டும். பாலம் இருக்கும்வரை அந்தக் கதைக்கு ஒரு சாட்சி இருந்தது. அது போய்விட்டால், சொல்ல நாம்தான் இருக்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் குடும்பத்தில் அக்கரைக்குப் போனவர்கள் யார், வந்தவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். தென்மாவட்டங்களில் அப்படி ஒருவரேனும் இல்லாத வம்சம் அபூர்வம்.

ரயில் பாம்பன் ஸ்டேஷனில் வந்து நின்றது. வண்டிக்குள் மறுபடியும் பேச்சுக் குரல் எழுந்தது. வாலிபர்கள் சீட்டைப் பிரித்தார்கள். பேரன் மட்டும் யோசனையில் ஆழ்ந்திருந்தான்.

"பாட்டி, உங்கள் பெரியப்பா பேர் என்ன?" என்று கேட்டான்.

பாட்டியம்மாள் சற்றே வியப்புடன் அவனைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலும். பையன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கொண்டு, மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார்.